கோப்பில் இல்லாத திருட்டு

“செப்டம்பர் 24. மதியச் சாப்பாட்டை மறுத்தான். தட்டைத் தரையில் வீசினான். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. 15 நடத்தைப் புள்ளி குறைப்பு.”

காப்பகத்தின் அன்றாடப் பதிவேட்டில் கதிரைப் பற்றி இருந்த வரிகள் இவை. மறுநாள் காலை படித்தேன். ஒரு வாரத்துக்கு முன்புதான் நான் நீதிமன்றத்துக்கு, “நன்றாக ஒத்துழைக்கிறான், செய்ததற்கு வருந்துகிறான்” என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதிவு பெற்ற உளவள ஆலோசகர். வாரத்தில் மூன்று நாள் நகருக்கு வெளியே ஒரு சிறார் காப்பகத்தில் வேலை. தமிழ்நாட்டில் கூர்நோக்கு இல்லம் என்போமே, ஏறக்குறைய அதுதான். கதிர் என்பது அவன் பெயர் இல்லை. அவனையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். அவனும் அவன் ஆயாவும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். நாங்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழிலேயே வந்த பேச்சை அங்கங்கே சொல்கிறேன்.

ஆயா என்றால் இங்கே பாட்டி. என் ஊர்ப் பக்கம், தென்காசியில், ஆச்சி என்போம். 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கினார்கள். அதற்குப் பின் வந்த தமிழர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டுக்காரர்கள். பேச்சுத் தமிழ் பல வீடுகளில் போய்விட்டது. ஆயா, தாத்தா, சாமி, விளக்கு, கஞ்சி, புரட்டாசி என்ற சொற்கள் மட்டும் ஆங்கிலத்துக்கு நடுவே அப்படியே நிற்கின்றன. இந்தக் கதைக்கு இந்தச் சொற்கள் முக்கியம்.

பின்னணி

கதிருக்கு அப்போது 15 வயது. அப்பா இறந்துவிட்டார். அம்மா ஜோஹன்னஸ்பர்க் போய் வேறு குடும்பமாகிவிட்டார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நகராட்சி அடுக்ககம் ஒன்றில் 74 வயது ஆயாவோடு இருந்தான். ஆயா பிறந்தது டர்பனிலேயே இன்னொரு பகுதியான கேட்டோ மேனரில். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி இந்தியக் குடும்பங்களை 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியபோது, சாமி படங்களை ஒரு தகரப் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்த பெண் பிள்ளை அவர். 17 வயதில் துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தார். ஆலை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போது முதியோர் உதவித்தொகைதான் வீட்டுக்கு வரும் ஒரே பணம்.

கதிர் 13 வயதில் ‘சுகர்ஸ்’ தொட்டான். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். மட்டமான ஹெராயினோடு கண்டதையும் கலந்து விற்கும் தூள் அது. 2000களின் நடுவிலிருந்து சாட்ஸ்வொர்த்தைப் பிடித்து ஆட்டுகிறது. ஒரு பொட்டலம் மலிவு. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிற்காது.

ஜூலையில் ஒரு இரவு பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்தான். ஒரு போன், ஒரு டிரில் மெஷின், அப்புறம் கீசருக்குப் போகும் செம்புக் குழாய்கள். குழாயை அறுத்துவிட்டுப் போனதில் இரவெல்லாம் தண்ணீர் கொட்டிக் கூரைப் பலகை ஊறி விழுந்தது. அந்த வீட்டுக்காரர் கதிரைத் தொட்டிலில் பார்த்தவர். ஆகஸ்ட் கடைசியில்தான் போலீஸ் கையில் சிக்கினான்.

சட்டம் இங்கே நல்ல சட்டம். பிள்ளையை அடைத்து வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் இயன்றவரை குறைந்த காலத்துக்கு என்று அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவே சொல்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறார் நீதிச் சட்டப்படி, கைதான 48 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விசாரணை நடக்க வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலர் பிள்ளையைப் பார்த்துப் பேசி மதிப்பீடு எழுத வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது. வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது ஆயா சொன்னார்: “இப்ப வேண்டாங்க. என்னால முடியல.” மாஜிஸ்திரேட் காப்பகத்தில் வைக்கச் சொன்னார். சில வாரத்தில் மறுபடி நீதிமன்றம்.

ஆயா சொன்ன அந்த வார்த்தையைக் கதிர் காதால் கேட்டிருக்கிறான். இது எனக்குத் தெரிய வர மூன்று வாரம் ஆனது.

முதல் பத்து நாள்

ஹெராயின் வகைப் பழக்கம் நின்றால், கடைசியாக இழுத்து ஒரு நாளுக்குள் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். முதலில் ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர். அப்புறம் மயிர்க்கூச்சு, வயிற்றுப் பிசைவு, பேதி, வாந்தி, கால் துடிப்பு. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். டர்பன் பையன்கள் இதை ‘அரோஸ்டா’ என்பார்கள். காவல் நிலையத்திலேயே அது தொடங்கி, எங்களிடம் வந்தபோது அவன் உச்சத்தில் இருந்தான். நர்ஸ் மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தார். இரவுப் பராமரிப்பாளர் ஒருவர், பையன்கள் மலூமே (மாமா) என்று கூப்பிடும் ஜூலுக்காரர், அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று இரவு உட்கார்ந்தார். பேசவில்லை, போர்வையை மட்டும் திரும்பத் திரும்ப மேலே இழுத்துவிட்டார். நான் கற்ற எந்த முறையையும்விட அது நல்ல சிகிச்சை என்றே நினைக்கிறேன். அடைபட்ட பிள்ளைகள் தங்களுக்கே ஏதாவது செய்துகொள்ளும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம். அந்த நேரத்தில் ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம்.

ஐந்தாம் நாள் நான் போனேன். பெயரையும் முகவரியையும் பார்த்துவிட்டு, “சாப்பிட்டியா தம்பி?” என்று தமிழில் கேட்டேன். நம்ம பையன், தமிழில் கேட்டால் மனசு இளகும் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பின் இரண்டு சந்திப்பிலும் ஆமாம், இல்லை தவிர வேறு பேச்சில்லை. நான் அதைப் போதையின் களைப்பு என்று எழுதி வைத்தேன். அது என் முதல் தவறு.

அவன் வாழ்க்கையில் தமிழ் பேசும் ஆள் ஒருவர்தான், ஆயா. அந்தக் குரலைத் தாங்க முடியாமல்தான் அவன் சுவரைப் பார்த்தான். ஒரு பிள்ளையோடு நெருங்க நமக்குத் தோன்றும் முதல் வழி, அவனுக்கு வலிக்கும் இடத்துக்கு நேரே போகும் வழியாகவும் இருக்கலாம். இப்போதெல்லாம் எந்த மொழியில் பேசலாம் என்று பிள்ளையிடமே கேட்டுவிடுகிறேன்.

கடிதம்

இரண்டாம் வாரம் ஆங்கிலத்துக்கு மாறினேன், கொஞ்சம் பேசினான். நான் பயன்படுத்தியது ஊக்கமூட்டும் உரையாடல் முறை. ‘நிறுத்து’ என்று நாம் சொல்லமாட்டோம். நிறுத்த வேண்டும் என்று அவனுக்குள்ளேயே இருக்கும் குரலையும், வேண்டாம் என்னும் குரலையும் இரண்டையும் பேச வைத்து, முதல் குரல் கொஞ்சம் சத்தமாகக் கேட்கும்படி கேள்வி கேட்போம். அதோடு, ஒவ்வொரு முறை இழுத்ததற்கும் முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதினோம். ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மாதத் தொடக்கத்தில், உதவித்தொகை வரும் நாளை ஒட்டி, ஆயா பணத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளிப்பார். இவன் கண்டுபிடிப்பான். அவர் இடத்தை மாற்றுவார். “அவங்க ஒளிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு பிசைய ஆரம்பிச்சிரும், மிஸ்” என்றான். உடம்பு எதையெல்லாம் போதையோடு முடிச்சுப் போட்டு வைக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமாக ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. டப்பா மூடியின் சத்தம்!

இதற்கிடையில் நீதிமன்றத் தேதி நெருங்கியது. வழக்கை விசாரணைக்குப் போகவிடாமல் மாற்றுத் திட்டத்துக்கு அனுப்ப வாய்ப்பிருந்தது. அதற்குப் பிள்ளை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு வழக்கறிஞரும் சம்மதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தான். அழகான கடிதம். “என் செயல் உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பு உணர்வைப் பாதித்ததை நான் உணர்கிறேன்” என்றெல்லாம் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. அறிக்கையில் ‘வருந்துகிறான்’ என்று எழுதினேன்.

15 வயதுப் பையன் அப்படி எழுதமாட்டான் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த வாக்கியங்கள் காப்பகத்துக் குழு வகுப்பில் சுவரில் ஒட்டியிருந்தவை. அவன் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதைக் கொடுத்தான். பெரியவர்கள் எந்தச் சொல்லுக்குத் தலையாட்டுவார்கள் என்று இந்தப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். நீதிமன்றத் தேதி அவசரத்தில் நானும் தலையாட்டினேன்.

செப்டம்பர் 24

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், விடுமுறை. நாடெங்கும் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள். காப்பகத்திலும் முற்றத்தில் கரி அடுப்பு வைத்து, கோழியும் சாசேஜும் சுட்டுக் கொடுத்தார்கள். பையன்களுக்கு அது பெரிய நாள். கதிர் தட்டில் இருந்த இறைச்சியைத் தள்ளி வைத்தான். இன்னொரு பையன் அவன் முகத்தருகே ஒரு துண்டைக் கொண்டுபோய்ச் சீண்டினான். தட்டு பறந்தது.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். 17ஆம் தேதியிலிருந்தே குறிப்பு இருந்தது: “இரவு ஸ்டூ சாப்பிடவில்லை.” “ரொட்டி மட்டும்.” “கோழி வேண்டாம் என்றான், எடை குறைகிறது, கவனிக்க.” ஒரு வாரமாக ஒருவரும் காரணம் கேட்கவில்லை. நானும்தான்.

17ஆம் தேதி என்ன நாள் என்று ஒரு தமிழச்சியான எனக்குத் தெரியாதா? புரட்டாசி பிறந்த நாள். சாட்ஸ்வொர்த்தில் அந்த மாதம் முழுக்க எத்தனையோ வீடுகளில் கவுச்சி அடுப்பேறாது. சனிக்கிழமை கோவிந்தா போட்டு விளக்கேற்றி, வாழையிலையில் படைப்பார்கள். தமிழ் பேசத் தெரியாத பிள்ளையும் அதைக் கடைப்பிடிப்பான். என் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அந்த மாதம் மீன் கிடையாது. இருந்தும் காப்பகத்தின் வாசலில் அடையாள அட்டையை மாட்டும்போது, அந்த அறிவை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அவனைக் கூப்பிட்டு, “புரட்டாசியா?” என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தான். அப்புறம், “நான் இருக்கிறேன்னு ஆயாவுக்குத் தெரியாது. சொல்லாதீங்க” என்றான்.

ஏன் சொல்லக் கூடாது?

அவன் சொன்னதை அப்படியே எழுத முடியாது, துண்டு துண்டாகத்தான் வந்தது. வீட்டில் ஒரு பித்தளை விளக்கு இருந்தது, காமாட்சி விளக்கு. ஆயாவின் பாட்டி கப்பலில் கொண்டுவந்தது என்று தாத்தா சொல்வார். பிடிபடுவதற்குப் பத்து நாள் முன்பு, அரோஸ்டா தாங்காத ஒரு விடியற்காலை, ஆயா குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்தான். எண்ணெய் இருந்தது. கொட்ட இடம் தெரியாமல் தன் சட்டையிலேயே துடைத்தான். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்தார், விளக்கு என்று கூடப் பார்க்கவில்லை. இரண்டு பொட்டலத்துக்கான காசு. “அன்னைக்கு முழுக்க என் சட்டையில எண்ணெய் வாசனை, மிஸ். இழுத்த பிறகும் போகல.”

ஆயா போலீசில் சொல்லவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது, விளக்கு இருந்த இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தாராம். அதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பியவன், பிடிபடும்வரை வீட்டில் தூங்கவில்லை.

நீதிமன்றக் கோப்பில் இருந்தது செம்புக் குழாய். அவன் நெஞ்சில் இருந்தது விளக்கு. மூன்று வாரமாக நான் கோப்போடு பேசிக்கொண்டிருந்தேன். சிறார் காப்பகத்தில் வேலை செய்யும் நமக்கு இது தொழில் ஆபத்து. குற்றப்பத்திரிகையில் இருப்பதுதான் பிள்ளையின் குற்ற உணர்ச்சியும் என்று எடுத்துக்கொண்டு அதற்கே பாடம் நடத்துகிறோம். அவனோ எங்கும் பதிவாகாத ஒன்றுக்காகத் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டு இருக்கிறான். பசியோடு கிடந்தது அந்தத் தண்டனைதான். விரதம் என்ற பெயரில் அது அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

இனி என்ன செய்வது என்பது எளிதாக இல்லை. முதல் சந்திப்பிலேயே அவனிடம் சொல்லியிருந்தேன்: உன்னை நீ காயப்படுத்திக்கொள்ளப் போகிறாய், இன்னொருவரைக் காயப்படுத்தப் போகிறாய், அல்லது யாரோ ஒரு பிள்ளையைக் கொடுமை செய்கிறார்கள் என்று தெரிந்தால் நான் வெளியே சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் இந்த அறைக்குள்தான். விளக்கு அந்த மூன்றில் எதிலும் சேராது. புகாரும் இல்லை. ஆனாலும் எனக்குக் கை அரித்தது. இதை அறிக்கையில் எழுதினால், உண்மையாகவே வருந்துகிறான் என்று மாஜிஸ்திரேட்டுக்குப் புரியுமே. என் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “அவனுக்காக எழுதுகிறாயா, முன்னால் எழுதிய அறிக்கையைச் சரிசெய்து கொள்ளவா?” என்றார். எழுதவில்லை. சமையலறைக்கு மட்டும் ஒரு குறிப்பு போனது: அக்டோபர் நடு வரை இவனுக்குப் பீன்ஸ் கறி, பருப்பு, கீரை. 15 புள்ளி திரும்பக் கிடைத்தது. எடையும் ஏறியது.

ஆயா வந்த நாள்

ஆயாவிடம் சொல்ல வேண்டும் என்று அவனே தீர்மானிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. நான் தள்ளவில்லை, ஒருமுறை பட்டது போதும். முதலில் ஒரு கடிதம் எழுதினான். இந்த முறை நான்கு வரி, அதில் இரண்டு அடித்திருந்தது. அனுப்பவில்லை. நேரில் சொல்கிறேன் என்றான்.

சனிக்கிழமை. ஆயா இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் பிளாஸ்டிக் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல். வாசலில் டப்பாவைத் திறந்து கரண்டியால் கிளறிச் சோதித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் துடைத்து மறுபடி மூடினார்.

கதிர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நான்தான் எடுத்தேன்.” எதை என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

“தெரியும்பா” என்றார் ஆயா, தமிழில். “எண்ணெய் சொட்டு வாசப்படி வரைக்கும் இருந்திச்சே.”

அப்புறம் என் பக்கம் திரும்பி, அவனுக்குத் தமிழில் புரியாததை நீ சொல்லு மா என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: “கப்பல்ல வந்ததுன்னு அவுங்க தாத்தா பெருமைக்குச் சொல்வாரு. அது இங்க டர்பன் கிரே ஸ்ட்ரீட்ல வாங்கினது. என் மொதச் சம்பளம். பேரம் பேசி வாங்கினேன்.”

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். நூற்றாண்டுப் பொருள் இல்லை என்றால் அவன் பாரம் குறையும். முதல் சம்பளம் என்றால் கூடும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவன் அழுதான். ஆயா பொங்கலை எடுத்து ஊட்டவில்லை, அணைக்கவில்லை. டப்பாவை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, “சாப்புடு. நீ இருக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? மூஞ்சியப் பாத்தா தெரியாதா?” என்றார். ‘இருக்கிறது’ என்றால் விரதம் இருப்பது. அந்தச் சொல் அவனுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

அன்றுதான் இன்னொன்றும் பேசினார்கள். “இப்ப வேண்டாம்” என்று அவர் சொன்னது. “இப்ப வேண்டாம்னேன். வேண்டாம்னா சொன்னேன்?” என்று கேட்டார். அவன் அந்த ‘இப்ப’வைக் கேட்கவே இல்லை.

பிறகு

பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்த சந்திப்பை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்னடத்தை அலுவலர் நடத்தினார். “எங்க காலத்துல கோர்ட்லயே பிரம்பால நாலு குடுப்பாங்க, சரியாயிடும்” என்றார் வீட்டுக்காரர். அரசியல் சாசன நீதிமன்றம் 1995இலேயே அந்தத் தண்டனையை நிறுத்திவிட்டது. அவருடைய கோபம் மட்டும் நியாயமானது. ஊறி விழுந்த கூரையின் கீழ் இரண்டு மாதம் சமைத்தவர் அவர். சுவரில் ஒட்டியிருந்த வாக்கியங்களைக் கதிர் இந்த முறை எடுக்கவில்லை. “குழாயை அறுத்தப்போ தண்ணி வருமேன்னு தோணிச்சு. தோணியும் அறுத்தேன்” என்றான். அதற்குத்தான் அவர் தலையாட்டினார். நான்கு சனிக்கிழமை கூரை வேலையில் கூட நிற்க வேண்டும் என்று முடிவானது. வழக்கு மாற்றுத் திட்டத்துக்குப் போனது. நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்புவதற்கு முன் ஆயாவை உட்கார வைத்து அரை மணி நேரம் ஒன்றைச் சொன்னேன். இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன். இரண்டு மூன்று மாதம் இழுக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் வாரங்களில் பழைய அளவையே இழுத்துப் பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாகி, குறட்டைபோல் இழுத்து இழுத்து மூச்சு வந்தால் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸுக்கு 10177இல் கூப்பிடுங்கள். ஆயா அந்த எண்ணை காலண்டரில் புரட்டாசி மாதத் தாளின் பின்பக்கம் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார்.

ஜனவரியில் ஒருமுறை விழுந்தான். காவடிக்கு முந்தின வாரம், பழைய கூட்டாளி ஒருவனோடு. மறுநாள் அவனே வந்து சொன்னான். நாங்கள் மறுபடி தாளில் மூன்று கட்டம் போட்டோம். அதற்குப் பின் நான்கு மாதம் ஆகிறது. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கிறது. பள்ளிக்குத் திரும்பவில்லை, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடுகிறோம். இரவில் தூக்கம் இன்னும் சரியில்லை. விளக்கு கிடைக்கவில்லை, உருக்கியிருப்பார்கள். டம்ளர்தான் எரிகிறது.

வியாழக்கிழமை தோறும் என்னிடம் வருகிறான். டாக்ஸிக் காசை ஆயா அரிசி டப்பாவிலிருந்து அவன் எதிரிலேயே எடுத்துக் கொடுக்கிறாராம், மூடியைத் திறந்து. மிச்சச் சில்லறையை அவன் என் மேஜையில் வைத்து எண்ணி, சட்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான்.